அந்தப்புர வாசலில் சொன்ன தீர்ப்பு

தமிழ்ச் சங்க மேடைகளில் சிலப்பதிகாரம் பேசாத ஆண்டு கிடையாது. பேச வருகிறவர் யாராக இருந்தாலும், வழக்குரை காதைக்கு வந்ததும் குரல் தானாக உயரும். தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த மறு நொடியே உயிரை விட்டானே பாண்டியன், இப்படி ஒரு நீதிபதி உலகத்தில் வேறு எங்கே உண்டு என்று கேட்பார். சபை கை தட்டும். அந்தக் கைதட்டலோடு ஒத்துப்போக முடியாமல்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். புலவர் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் புலவன் இல்லை. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். பள்ளிப் படிப்போடு மும்பைக்கு வந்து பாத்திர வியாபாரத்தில் உட்கார்ந்தவன். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படித்ததுதான் என் தமிழ். உ.வே.சா. ஐயர் 1892-ல் பதிப்பித்துக் கொடுத்த நூல் அது. கவுந்தியடிகள் வருவதால் எங்கள் வீடுகளில் அதற்குத் தனி மரியாதை. இளங்கோவடிகளையே சமண முனிவர் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் வியாபாரிக்கு ஒரு பழக்கம் விடாது. கணக்கை முதல் பக்கத்திலிருந்து பார்ப்பான், கடைசி வரியை மட்டும் பார்த்து ஒத்துக்கொள்ள மாட்டான். பாண்டியன் கணக்கை நாம் கடைசி வரியிலிருந்தே படிக்கிறோம் என்பதுதான் என் குறை.

முதல் பக்கம் கொலைக்களக் காதையில் இருக்கிறது. அரசன் ஆடல் மகளிரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் மனம் கசந்த கோப்பெருந்தேவி தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் அவள் அரண்மனையை நோக்கிப் போகிறான். வாசலை அடைவதற்குள் பொற்கொல்லன் காலில் விழுகிறான். சிலம்பு திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அரசன் அங்கேயே ஊர்க்காவலரைக் கூப்பிடுகிறான். தேவியின் சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

ஆக, அது நீதிமன்றம் இல்லை, அந்தப்புர வாசல். குற்றம் சாட்டப்பட்டவன் எதிரில் இல்லை. சாட்சி ஒருவன்தான், அவனே புகார்க்காரன், அவனே திருடன். சிலம்புக்குள் பரல் என்ன என்று அரசனுக்குத் தெரியும். பின்னால் கண்ணகியிடம் எங்கள் சிலம்பில் முத்து என்று அவனேதான் சொல்கிறான். கொற்கை முத்து விளையும் நாட்டு அரசனுக்கு இது தெரியாமல் இருக்குமா? சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தட்டானைக் கூப்பிட்டுப் பிரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் தெருவில் அடகுக் கடைக்காரர் கால் மணி நேரத்தில் செய்கிற வேலை.

மேடைகளில் இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கொல்வதற்காகப் பிடித்து வா என்று சொல்ல நினைத்தவன், விதிவசத்தால் நாக்குப் புரண்டு, கொன்றுவிட்டு வா என்று சொல்லிவிட்டானாம். இருக்கட்டும். வாய் தவறியே சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த காவலர்களில் ஒருவர்கூட, "மகாராஜா, கொன்றுவிட்டா, கொண்டுவந்தா?" என்று ஏன் கேட்கவில்லை? எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான்.

இதற்குப் பதில் நூலிலேயே இருக்கிறது. மேடைப் பேச்சில் அந்த இடம் பெரும்பாலும் வருவதில்லை. காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் வருகிறது. இவன் முகக்குறியைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொல்கிறார்கள். எத்தனை பெரிய விஷயம் பாருங்கள். அரசன் செய்யாத விசாரணையைக் கீழே இருக்கிற சேவகன் தொடங்கிவிட்டான். உடனே பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று திருடர்களுக்குத் துணையாகும் எட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறான். ஓர் இளைஞன் தன் பழைய அனுபவத்தைச் சொல்கிறான். மழை இருட்டில் உளியோடு வந்த ஒரு திருடனை வாளை உருவிப் பிடிக்கப் போனானாம், அவன் கைக்குச் சிக்காமல் மாயமாக மறைந்துவிட்டானாம். அதைச் சொல்லிவிட்டு அவன் சேர்த்துச் சொல்வதுதான் கவனிக்க வேண்டியது. இவனையும் விட்டால் அரசன் நம்மை வதைப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கூட இருப்பவர்களைக் கேட்கிறான்.

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதற்குள், படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான்.

அடிகளார் இந்த இடத்தை எவ்வளவு நுட்பமாக வைத்திருக்கிறார்! சந்தேகம் இருந்தது, சந்தேகப்படத் தெரிந்த மனிதர்களும் இருந்தார்கள். திரும்பிப் போய் இன்னொரு தரம் கேட்டுவிட்டு வருவோம் என்று சொல்லும் தைரியம்தான் இல்லை. காரணம் அரசன். கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறவனிடம் போய்க் கேள்வி கேட்க யாருக்கு மனம் வரும்? அப்படிப்பட்டவனின் சபையில் யோசிக்கிறவன் பின்னுக்குப் போவான், யோசிக்காதவன் கைதான் முந்தும். கோவலனை வெட்டிய குடிகாரனுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது நெடுஞ்செழியனின் அவசரம் என்பது என் வாதம்.

சிலப்பதிகாரத்தில் வக்கீல் கிடையாது, ஆகையால் இது இன்றைய கோர்ட்டுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒருவர் கொடுத்த செக் பவுன்ஸ் ஆகி, 138-வது பிரிவில் வழக்குப் போட்டேன். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. என் வழக்கு எத்தனை ஆறு மாதம் பார்த்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே கோர்ட் ஹாலில் இரண்டு ஜட்ஜுகளைப் பார்த்தேன். முதலில் இருந்தவர் எரிந்து விழுவார். வக்கீல் வாயைத் திறந்தால் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். சுருக்கமாகச் சொன்னால் அதையும் கேட்க மாட்டார். மூன்று மாதத்தில் அந்த ஹால் எப்படி ஆகிவிட்டது தெரியுமா? சீனியர் வக்கீல்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஜூனியர் பையன்கள் வந்து வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். என் வக்கீல் கட்டையே பிரிக்காமல் வருவார். "ஏன் சார், படிச்சுட்டு வரலையா?" என்று கேட்டேன். "யார் கேக்கப் போறா?" என்றார். அவர் சோம்பேறி இல்லை. அடுத்து வந்த ஜட்ஜ் அமைதியானவர். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார். அதே வக்கீல், அதே வழக்கு, இப்போது கட்டில் துண்டுச் சீட்டு சொருகிப் படித்துவிட்டு வந்தார். பெஞ்ச் கிளார்க்கூட மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். வழக்கில் பணம் வந்ததா என்பது வேறு கதை.

இதையே பெரிய அளவில் தேசம் 1976-ல் பார்த்தது. நெருக்கடி நிலையில் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். இவர்கள் மனுவை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 9 உயர் நீதிமன்றங்கள் துணிந்து சொல்லின. கோவலனைப் பார்த்துத் தயங்கிய காவலர்களை விட ஒரு படி மேலே போய், தயக்கத்தைத் தீர்ப்பாகவே எழுதினார்கள். ஆனால் ஜபல்பூர் வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28-ல் அத்தனையையும் ஒரே வீச்சில் தள்ளிவிட்டது. 5 நீதிபதிகளில் 4 பேர் ஒரு பக்கம். மறுபக்கம் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். விசாரணையின்போது அவர் அரசு தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் கிடையாதா என்றார். நெருக்கடி நிலை இருக்கும் வரை கிடையாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் மற்ற நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். 1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவரான எம்.எச். பெய்க் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

அந்த நாளில் மாவட்டக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஜட்ஜை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இதிலிருந்து என்ன பாடம் போயிருக்கும்? ஒரு வக்கீலுக்கு? உயர் நீதிமன்றத்தில் ஜெயித்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கைதியின் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார்? ஒரு தீர்ப்பு அந்த வழக்கோடு நிற்பதில்லை. கீழே இருக்கிறவர்கள் எந்த அளவுக்கு வாயைத் திறக்கலாம் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

மறுபடியும் மதுரைக்கு வருகிறேன். பாண்டியனுக்காகப் பேசுகிறவர்கள் கடைசியில் பிடித்துக்கொள்வது ஊழ்வினையை. கோவலனுக்குப் பழவினை வந்து சேர்ந்தது, அரசன் வெறும் கருவி என்பார்கள். ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது நூலின் நோக்கங்களில் ஒன்று என்பதும் உண்மை. வினையைப் பற்றிப் பேச எங்கள் சமயத்துக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்பதால் சொல்கிறேன். ஒருவனுடைய பழவினை பலன் கொடுக்கிறது என்பதால், அதற்குக் கருவியாக நின்றவன் செய்தது வினை ஆகாமல் போய்விடாது. அவன் மனமும் வாக்கும் உடம்பும் செய்தது அவன் கணக்கில் புதிதாக ஏறும். மருத்துவர் கவனக்குறைவால் நோயாளி செத்தால், அவனுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று சொல்லி மருத்துவர் தப்பிக்க முடியுமா?

அந்தப் பழவினை என்ன என்று மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் சொல்வதையும் படிக்க வேண்டும். முற்பிறப்பில் கோவலனுக்குப் பரதன் என்று பெயர். கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரச சேவகத்தில் இருக்கிறான். பண்டம் விற்க வந்த சங்கமன் என்னும் வியாபாரியைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்து அரசனிடம் காட்டிக் கொல்விக்கிறான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து அழுது மலையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறாள். அங்கேயும் ஒரு பொய்ப் புகார்தான். அங்கேயும் விசாரிக்காத அரசன்தான். சாட்சி சொன்ன பரதனுக்கு அடுத்த பிறவியில் தண்டனை வந்தது என்று நூல் கணக்குச் சொல்கிறது. அந்தச் சிங்கபுரத்து அரசனுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. வியாபாரி ஜாதியில் பிறந்த எனக்கு அது உறுத்துகிறது.

நெடுஞ்செழியனுக்குச் சேர வேண்டிய பெருமையையும் குறைக்கக் கூடாது. கண்ணகி வந்து நின்றபோது அவன் சிங்காதனத்தில் இருக்கிறான். வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னதும் வரச் சொல்கிறான். யார் என்று கேட்கிறான். அவள் கோபமாகப் பேசுகிறாள், தேர்ந்து பார்க்காத அரசன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவமதிப்பு என்று அவன் சீறவில்லை. கள்வனைக் கொல்வது அரச நீதி என்று தன் பக்கத்தைச் சொல்கிறான். என் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் சொன்னதும், நல்லது சொன்னாய் என்று ஏற்று, தன் சிலம்பில் முத்து என்று தனக்கு எதிராகப் போகக்கூடிய உண்மையைத் தானே ஒத்துக்கொள்கிறான். பொருளை வரவழைத்து அவள் முன்னால் வைக்கிறான். உடைக்கிறாள், தீர்ந்தது. இதைவிட ஒழுங்கான விசாரணை என்ன வேண்டும்? அப்படியானால் இவனுக்கு விசாரிக்கத் தெரியும். அது கண்ணகி தட்டிய பிறகு கிடைத்தது, கோவலனுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அரசன் விழுந்து இறக்கிறான், தேவியும் இறக்கிறாள். கை தட்டல் இங்கேதான் வருகிறது. ஆனால் அவன் இறந்ததால் சரியானது என்ன? கோவலன் குற்றமற்றவன் என்று ஊருக்கு அறிவிக்க ஆள் இல்லை. பொற்கொல்லனைப் பிடித்து விசாரிக்க ஆள் இல்லை. இனி யாரையும் கேட்காமல் கொல்லாதே என்று காவலருக்குக் கட்டளை இட ஆள் இல்லை. மதுரை எரிகிறது. அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். கோவலனின் தந்தை சொத்தையெல்லாம் தானம் கொடுத்துவிட்டுத் துறவு போகிறார், தாய் இறந்துபோகிறாள். கண்ணகி வீட்டிலும் அதே கதை. மாடலன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லும் பகுதியைப் படித்தால், ஒரு வாய்ச்சொல் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியது என்று தெரியும்.

இதைவிட மோசமானது பின்னால் வருகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆட்சிக்கு வந்ததும், கண்ணகிக்குச் சாந்தியாக ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று நூல் சொல்கிறது. நாட்டில் மழை பெய்ததாம். உரைபெறு கட்டுரை பிற்சேர்க்கை என்று கருதுவோர் உண்டு. ஆனால் நீர்ப்படைக் காதையிலும் இந்தப் பலி இருக்கிறதே, என்ன செய்வது? ஒருவனை விசாரிக்காமல் கொன்றதற்குப் பரிகாரம் ஆயிரம் பேரை விசாரிக்காமல் கொன்றதாம். அந்த ஆயிரம் பேருக்கும் மனைவிகள் இருந்திருப்பார்கள், அவர்கள் போய்க் கேட்க எந்த வாசல் இருந்தது? முன்னவன் எப்படிச் செத்தான் என்பதைப் பின்னவன் கேள்விப்பட்டான். எதனால் தவறினான் என்பதைக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் அடிகளார் ஒரு சொல்லாவது கண்டித்திருக்கலாமே என்று அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தரமும் மனம் சங்கடப்படும். கொல்லாமையைச் சொன்ன சமயத்தில் பிறந்தவன் அதை மறைத்து எழுத முடியாது.

இதற்கு மாற்றும் இதே நூலில், கட்டுரை காதையில்தான் இருக்கிறது. பாண்டியர் நீதிக்குச் சாட்சியாக மதுராபதி கண்ணகிக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று பொற்கைப் பாண்டியன் கதை, அது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று வார்த்திகன் கதை, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. திருத்தங்காலில் வார்த்திகன் என்ற அந்தணன். அவன் மகன் பரிசாகப் பெற்ற நகைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அரசு ஊழியர்கள், புதையலை எடுத்து மறைத்தவன் என்று சொல்லி வார்த்திகனைச் சிறையில் போட்டுவிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்புகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்கவில்லை. இது அரசன் காதுக்குப் போகிறது. அவன் செய்த முதல் காரியம், என் ஆட்சியில் ஏதாவது அநியாயம் நடந்திருக்கிறதா என்று கேட்டது. கேட்டதும் ஏவலர்கள் வணங்கி, வார்த்திகனைப் பிடித்து வந்த உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதே நூலில் இரண்டு கூட்டம் அரச சேவகர்கள். ஒரு கூட்டம் அரசனுக்குப் பயந்து சந்தேகத்தை விழுங்கியது. இன்னொரு கூட்டம் கேட்டவுடன் உள்ளதைச் சொன்னது. இரண்டாவது அரசன் கேட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜபல்பூர் தீர்ப்புக்கும் இந்த இரண்டு வழியும் நடந்தது. அந்த நால்வரில் ஒருவரான பி.என். பகவதி 2011-ல் தான் செய்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். மனிதராக அது பெரிய குணம். ஆனால் தீர்ப்பு அப்படியே புத்தகத்தில் இருந்தது. 1978-ல் 44-வது திருத்தம் வந்து, உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21-வது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்று பாராளுமன்றம் கட்டிவைத்தது. கோர்ட் தன் கையாலேயே அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது 2017 ஆகஸ்ட் 24-ல், 9 நீதிபதிகள் அமர்ந்த புட்டசாமி வழக்கில். அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அந்த நால்வரில் ஒருவராக இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். தகப்பனார் தீர்ப்பை மகன் திருத்த 41 வருஷம் ஆயிற்று.

வார்த்திகன் விஷயத்தில் பாண்டியன் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. தவறு செய்தது கீழே இருந்தவர்கள். ஆனாலும் என் முறைதான் பிழைத்தது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தன் பெயரில் ஏற்றுக்கொள்கிறான். திருத்தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்குக் கொடுக்கிறான். வார்த்திகனின் முன்னால் மார்பு மண்ணில் பட விழுகிறான். நெடுஞ்செழியனும் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. இவன் எழுந்திருந்து யானை மேல் முரசை ஏற்றச் சொல்கிறான். சிறைக்கதவுகளைத் திறந்துவிடுங்கள், புதையல் கண்டெடுத்தவனுக்கே சொந்தம், வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பாக்கியைத் தள்ளிவிடுங்கள் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிறான். வரி பாக்கி சங்கதி வியாபாரி என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கலாம். திருத்தங்கால் இன்றும் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் சங்கத்துக் குழந்தைகள் சிலப்பதிகார நாடகம் போட்டால், வார்த்திகன் கதையையும் ஒரு காட்சியாகச் சேர்க்கும்படி நாடகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். முரசுக்கு வேண்டிய பெரிய அண்டாவை என் கடையிலிருந்து கொடுத்து அனுப்புகிறேன்.